செம்பூரில் ஒரு மஞ்சள் காரும் முப்பது வருஷ வாக்குவாதமும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சேகர் போன் பண்ணினான். "காரை விக்கறேன்டா. ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்குக் கல்யாண்லேர்ந்து ஆள் வர்றான். அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடு." புனேயிலிருந்து நான் மும்பை போனதற்கு இதுதான் காரணம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல.

சேகரும் நானும் மும்பை மாதுங்காவில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய வெளிநாட்டு கார் பத்திரிகைகள் சல்லிசாகக் கிடைக்கும். ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் காபிக்கு உட்கார்ந்தால் சண்டைதான். இரண்டே சீட், எஞ்சின் முதுகுக்குப் பின்னால், உயரம் நம் இடுப்புக்குக்கூட வராது. அப்படி ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் அழகில் சேகர் சொக்கிப் போயிருந்தான். "மூஞ்சி நன்னா இருந்தா போறுமாடா? வளைவுலே பின்பக்கம் வழுக்கி வால் அடிச்சுடும்" என்பேன் நான். "வாலை யார் பார்த்தா, மூக்கைப் பாருடா" என்பான். கையில் சைக்கிள்கூட இல்லாத இரண்டு பேர் ஹேண்ட்லிங், அதாவது வண்டி வளைவில் எப்படித் திரும்பும் என்பது பற்றிப் பேசிய பேச்சு இருக்கிறதே, சர்வர் வந்து எழுப்பிவிட்டால்தான் நிற்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நாலு வருடம் முன்பு அதே மாடல் காரை, மூன்றாவது கையாக, சேகர் வாங்கியேவிட்டான். வந்து பார் என்று பத்து தடவையாவது கூப்பிட்டிருப்பான். நான் போகவில்லை. வேலை என்றேன், மழை என்றேன். உண்மையில் வெறும் வீம்பு. போன வருடம் அவனுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. தாழ்ந்த காரில் ஏறி இறங்குவதும் கிளட்ச் மிதிப்பதும் இனி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை புனேயிலிருந்து தாதர், மூன்றேகால் மணி நேரம். அங்கிருந்து மாதுங்காவுக்கு லோக்கலில் ஐந்து ரூபாய். ராத்திரி அக்கா வீட்டில் தங்கல். மறுநாள் காலை ஆறு மணிக்கு டாக்சி பிடித்தேன். சேகர் இப்போது இருக்கும் செம்பூருக்கு ஏழு கிலோமீட்டர், சயான் தாண்டி இருபது நிமிடம், நூற்று எழுபது ரூபாய். இவ்வளவு காலையில் எங்கே என்று டிரைவர் கேட்டார். கார் ஓட்ட என்றேன். "அப்படின்னா இதையே ஓட்டுங்க சாப், நான் பின்னால தூங்கறேன்" என்றார் ஹிந்தியில்.

சேகரின் கட்டடத்து வாசலில் கார் மஞ்சளாக நின்றது. பத்திரிகையில் பார்த்ததைவிடச் சின்னது. தாராவியில் கொடுத்து சீட்டுக்குப் புதுத் தோல் தைத்து வைத்திருந்தான். அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். வாட்ச்மேனும் நானும் சேர்ந்து சேகரைப் பக்கத்து சீட்டில் இறக்கி உட்காரவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

சாவியைத் திருப்பும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஓட்டிட்டு மோசம்னு சொல்லிடு. நீ எப்பவும் சொல்றதுதானே. எனக்கு விக்கறதுக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும்."

செம்பூரிலிருந்து தென் மும்பைக்குப் போகும் விரைவுச் சாலையான ஃப்ரீவேயில் ஏறினோம். தெற்கே கடைசிவரை சுமார் பதினாலு கிலோமீட்டர். சுரங்கப்பாதை தாண்டி வடாலா பக்கம் ஒரு வளைவு. வால் அடிக்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. இரண்டு விரல் போதும் ஸ்டியரிங்குக்கு. முப்பது வருடமாக நான் உளறியிருக்கிறேன் என்று அந்த ஒரு வளைவிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

எட்டேகாலுக்குத் திரும்பி வந்து நிறுத்தினேன். "என்னடா?" என்றான்.

"வால் அடிக்கறது. வித்துடு."

தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சொன்ன நேரத்துக்கு வந்தார் கல்யாண்காரர். முப்பது வயதிருக்கும். காரை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹேண்ட்லிங் எப்படி சார்?" என்றார்.

சேகர் கைத்தடியை என் பக்கம் நீட்டினான். "இவரைக் கேளுங்கோ. இந்தக் காரைப் பத்தி இவர் ஒரு நாளும் நல்லதா ஒரு வார்த்தை சொன்னது கிடையாது."

அவனிடம் சொன்னதையே இவரிடமும் சொன்னால் வியாபாரம் கெட்டுப்போகும். அதைவிட, அந்தக் காரைப் பற்றி இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இப்படித் திரும்பற காரை நான் ஓட்டினதே இல்லை" என்றேன். "இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் தப்பு."

சேகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "வடாலாவிலேயே தெரியும்டா. உன் சிரிப்பை நான் பார்க்கலைன்னு நினைச்சியா?" என்றவன், சாவியை அவர் கையில் கொடுத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ஃப்ரீவேக்கு ஞாயிறு காலை ஏழுக்குள் போய்விடுங்கள். பைக், ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. எண்பதைத் தாண்டாதீர்கள், கேமரா இருக்கிறது. மாதுங்காவில் ஆட்டோ கிடைக்காது, டாக்சிதான். இன்னொன்று, காரை வந்து பார் என்று நண்பன் கூப்பிட்டால் முதல் தடவையே போய்விடுங்கள். சேகர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனது ஒரு நாள்கூட இல்லை.