கொளஞ்சியப்பன் மோட் போட்ட கோடை

கொளஞ்சியப்பனும் நானும் பன்னிரண்டு வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். குடிகாட்டை ஒட்டிய தொழிற்பேட்டையில் சாயப்பொருள் செய்யும் கம்பெனி. அவர் ஃபிட்டர், நான் பாய்லர். அதிகம் பேசமாட்டார். ஏதாவது ஒரு பம்பின் சத்தம் மாறினால், நாங்கள் கவனிப்பதற்கு முன்பே ஸ்பேனரோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

2008 மார்ச்சில், கீரப்பாளையத்தில் மாமனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு வண்டியில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். புதுச்சத்திரம் தாண்டி, ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறினால் தானாக உதிரும் என்று. அதில் சறுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்தது. சிதம்பரத்தில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கடலூர் முதுநகரில் அவருக்கு வாடகை வீடு. மனைவி இளமதி பக்கத்திலேயே ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். காலையில் அவருக்கு எல்லாவற்றையும் கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் போனால், மூன்றரைக்குத்தான் வருவார். நான் முதல் வாரம் பார்க்கப் போனபோது கொளஞ்சியப்பன் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். இரண்டாவது வாரம் மிக்சி. மூன்றாவது வாரம் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இளமதியின் தம்பி விஜயகுமார் வந்தான். படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து, ஒரு விளையாட்டை ஓடவிட்டான். மந்திரவாதிகள், கோட்டைகள், காட்டுப் பேய்கள் உள்ள ஒரு கற்பனை நாடு. நாமே ஒரு ஆளாக அதற்குள் போய்த் திரியலாம்.

"வாள் எடுத்து அடிங்க மாமா. குகைக்குள்ள போனா நிறைய கிடைக்கும்."

"எனக்கு எதுக்குடா வாளு? இந்த மலை மேல ஏற முடியுமா?"

"எங்க வேணா போலாம்."

அவர் ஏறினார். இருபது நாள் அதைத்தான் செய்தார். சண்டை வந்தால் ஓடிவிடுவார். ஆற்றங்கரையோடு நடந்து, பாலம் கடந்து, மலை ஏறி, மறுபக்கம் இறங்குவார். சாயங்காலம் இளமதி வந்ததும், "இன்னைக்கு வடக்கால போனேன், ஒரு ஏரி இருக்குது" என்பார். இளமதி தலையாட்டிவிட்டு உலை வைக்கப் போய்விடுவார்.

ஒரு தொந்தரவு இருந்தது. அந்த நாட்டில் மழை வந்தாலோ, காட்டுக்குள் நுழைந்தாலோ, பழைய கம்ப்யூட்டர் திணறும். ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்கு மூச்சு வாங்கும். விஜயகுமாருக்குப் போன் செய்தார்.

"அதுக்கு மோட் இருக்கு மாமா. விளையாட்டை ஒரு கம்பெனி பண்ணுது இல்ல? அத விளையாடுறவங்களே சில பகுதிய மாத்தி எழுதி இன்டர்நெட்ல சும்மா குடுக்குறாங்க. அதான் மோட். மரத்த லேசாக்கி வச்சிருப்பாங்க. அத எடுத்து விளையாட்டு ஃபோல்டர்ல போட்டா போதும்."

"கம்பெனி பார்ட்டு இல்ல, வெளிய கடைஞ்ச பார்ட்டுன்னு சொல்லு."

"அதேதான் மாமா."

அவன் ஒரு பட்டியல் சொன்னான். மரத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க ஒன்று என்று பதினோரு பெயர். இளமதி பள்ளி விட்டு வரும் வழியில், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பதினொன்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

கொளஞ்சியப்பன் அன்று சாயங்காலமே பதினொன்றையும் போட்டார். ஏற்கெனவே இருக்கும் ஃபைலை மாற்றிவிடலாமா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று அழுத்தினார். பிறகு விளையாட்டைத் திறந்தார். மலை ஊதா நிறத்தில் வழவழவென்று நின்றது. எதிரே வந்த காவல்காரனுக்குத் தலை இல்லை. நாலு அடி நடந்ததும் திரை கறுத்துப்போய், விளையாட்டு மூடிக்கொண்டது.

புதிதாகப் போட்டதை எல்லாம் எடுத்துவிடலாம் என்று பார்த்தால், எது பழையது எது புதியது என்று தெரியவில்லை. பழையதின் மேலேயே புதியது போய் உட்கார்ந்திருந்தது. பதற்றத்தில் ஃபோல்டர் முழுவதையும் அழித்தார். அவர் இருபது நாள் நடந்த நடை எல்லாம் அதற்குள்தான் பதிவாகி இருந்தது. அதுவும் போனது. விளையாட்டின் சி.டி. பெங்களூரில் இருந்தது.

மறுநாள் நான் போனேன். சாப்பிடாமல் படுத்திருந்தார். கால் வலியோ என்று நினைத்தேன்.

"மச்சான், ஒரு ஃபிட்டர் ஒரே நேரத்துல பதினோரு வால்வ மாத்திட்டு லைன ஓட்டினா நீ என்ன சொல்லுவ?"

"வேலைய விட்டுத் தூக்கச் சொல்லுவேன்."

"அதத்தான் நான் பண்ணியிருக்கேன்" என்றார்.

சி.டி. கூரியரில் வர ஐந்து நாள் ஆனது. அதற்குள் அவர் பழைய ஆளாகிவிட்டார். இளமதியிடம் ஒரு நூற்றித் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டுக் கேட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். விளையாட்டை மறுபடி ஏற்றியதும் முதல் வேலையாக, ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து, அதற்கு 'தொடவே கூடாது' என்று பெயர் வைத்தார். அப்புறம் ஒரு மோட் மட்டும் போடுவார். ஆற்றுப் பாலத்திலிருந்து காடு வரைக்கும் பத்து நிமிஷம் நடப்பார். சரியாக இருந்தால் நோட்டில் தேதி போட்டு எழுதுவார். சரியில்லை என்றால் எடுத்துவிட்டு, ஏன் என்று எழுதுவார். ஒரு நாளைக்கு ஒன்று. அதற்கு மேல் கிடையாது.

ஒவ்வொரு மோட்டோடும் அதைச் செய்தவர் எழுதிய குறிப்பு ஒன்று வரும். முதல் தடவை அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இங்கிலீஷ். ஐ.டி.ஐ.யில் தமிழில் படித்தவர். இப்போது இளமதி காய் நறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்து வாசித்து, தமிழில் சொன்னார்.

"இது தனியா ஓடாதாம். வேற ஒண்ணு முதல்ல இருக்கணுமாம்."

"அது என்னா, பேரு பாரு."

"அந்த எழுத்து மோட்டு. நம்ம ஒன்பதாவதா வச்சிருக்கோமே. அத மேல கொண்டு வரணும்."

"இதான் சங்கதி! எது முன்னாடி எது பின்னாடின்னு வரிசை இருக்குது. நான் பாட்டுக்கு அள்ளிக் கொட்டினேன்."

ஒரு நாள் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்த இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டில் மழை பெய்தால் கூரைக்கு அடியிலும் பெய்யுமாம். விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரர்கள் கவனிக்காமல் விட்ட குறை. ஒரு ஆள் ஒவ்வொரு தாழ்வாரமாகப் போய் அதை அடைத்திருக்கிறார். 'இதற்கு எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. எங்கேயாவது இன்னும் ஒழுகினால் தயவுசெய்து சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார்.

"யாரு வீட்டுக் கூரைய யாரு அடைக்கிறான் பாருங்க" என்றார் இளமதி. அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மோட் ஓடுகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். ஓடியது. சந்தைக் கொட்டகைக்கு வெளியே மழை கொட்ட, உள்ளே காய்ந்த தரை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதற்குள் நின்றுகொண்டிருந்தார்களாம்.

ஆனால் அந்த மோட்டில் ஒரு குறை இருந்தது. சந்தைக்குப் பின்னால் படியில் இறங்கினால் ஆள் தரைக்குள் விழுந்துவிடுவான். கொளஞ்சியப்பன் ஒவ்வொரு மோட்டாக எடுத்து எடுத்துப் பார்த்து, இதுவும் பாலத்து மோட்டும் சேர்ந்து இருந்தால் மட்டும்தான் அப்படி ஆகிறது, மூன்றாவது படியில் மட்டும்தான் ஆகிறது என்று மூன்று நாளில் கண்டுபிடித்தார்.

"அவருக்கு எழுதிப் போடு. கேட்டிருக்காரே."

"நானா? லீவு லெட்டர் தவிர நான் இங்கிலீஷ்ல யாருக்கும் எதுவும் எழுதினதில்ல."

"நான் சொல்றத எழுது. எந்தப் படி, எந்தப் பக்கம், கூட என்னா இருந்துது. அவ்ளோதான வேணும் அவருக்கு."

இளமதி முதலில் காகிதத்தில் எழுதினார். அடித்தார், திருத்தினார். கடைசியில் ஏழு வரி. பிரவுசிங் சென்டருக்குப் போய் அதைத் தட்டி அனுப்பிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அங்கே எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எட்டு நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் பதில் இருந்தது. அந்த மனிதர் பின்லாந்தில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். ஒரு வருஷமாக எத்தனையோ பேர் விழுகிறது விழுகிறது என்று சொன்னார்கள், எந்தப் படி என்று ஒருவரும் சொன்னதில்லை என்று எழுதி, சரிசெய்த மோட்டை அனுப்பியிருந்தார். அதன் குறிப்பில், நன்றி என்ற இடத்தில், 'கொளஞ்சி, இளமதி, கடலூர்' என்று இங்கிலீஷில் இருந்தது.

நான் போனபோது எனக்குத் திறந்து காட்டினார்கள். இளமதி, "பேர எழுத்துப் பிசகாம போட்டிருக்காரு பாருங்கண்ணே" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜூலையில் கொளஞ்சியப்பன் தடி ஊன்றி நடந்தார். ஆகஸ்டில் வேலைக்கு வந்தார். முதலில் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள், தீபாவளிக்கு அப்புறம் பழைய வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்குத்தான் தெம்பு இருந்தது. மலை, ஏரி எல்லாம் அவருக்கு மறந்துபோனது. "அதான் நெசமாவே நடக்குறேனே" என்றார் என்னிடம்.

இளமதியை அது விடவில்லை. சமையல் முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்காருவார். அவர் ஓடுகிற ஆள் இல்லை, வாள் எடுத்தார். குகைகளுக்குள் போனார். வீட்டுக்கு இன்டர்நெட் இழுத்த பிறகு, மோட் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இடத்தில் எழுத ஆரம்பித்தார். அங்கே பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தகராறு. நல்ல வேலை செய்திருப்பார்கள், எப்படிப் போடுவது என்று எழுதத் தெரியாது. ரொட்டிக்கடைக்காரர் சொல்லி, ஒரு போலந்துக்காரர் தன் குறிப்பைத் திருத்தித் தரும்படி கேட்டார். இளமதி செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

2012 பொங்கலுக்குப் போயிருந்தேன். தானே புயல் அடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தெருவில் பாதி வீட்டுக்குத் தார்ப்பாய்தான் கூரை. முந்தின நாள்தான் கரண்ட் வந்திருந்தது. இளமதி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பதினேழு பேர் கடிதம் போட்டிருந்தார்களாம். பாதிப் பேர், செய்தியில் புயலைப் பார்த்தோம், பத்திரமா என்று. மீதிப் பேர், எங்கள் குறிப்பு என்ன ஆயிற்று என்று.

"யாருக்கு முதல்ல பதில் போடுவ?" என்று கொளஞ்சியப்பன் கேட்டார்.

"பத்திரமான்னு கேட்டவங்களுக்கு ஒரே வரி போதும்" என்று சொல்லிவிட்டு, இளமதி தட்ட ஆரம்பித்தார். கொளஞ்சியப்பன் எழுந்து போய் எங்கள் மூன்று பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்.