திட்டாத மூணு மாசம்

எங்க லைன் வீடுகள்ல என் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது. நான் தேயிலை மலையில மண்டோரு, கங்காணி வேலை. ஆளுங்ககிட்ட வேலை வாங்கணும்னா சத்தம் போட்டே ஆகணும். கொழுந்து பறிக்க வந்த வங்காளதேசத்துப் பையன்களுக்குத் தமிழ்ல மொதமொதல்ல புரிஞ்சதே என்கிட்ட வாங்கின திட்டுதான். அப்படிப்பட்டவள என் வீட்டுக்காரர் தானா ராத்தா டவுனுக்கு, மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. நான் தூங்கல, சரியா சாப்பிடல, தேத்தண்ணி ஆறிப்போற வரைக்கும் கையில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன். காரணம் கேட்டா ஒன்னும் இல்ல. வீட்டுல யாரும் சாகல, பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க. காரணமே இல்லாம ஒருத்தி மூலையில உக்காருவாளான்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு.

முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து புத்தி சொன்னா. "அக்கா, அங்க போயி வாய விட்டுறாதீங்க. நீங்க பேசுற பேச்சுக்கு நேரா தஞ்சோங் ரம்புத்தான்தான் லா." எங்க பக்கம் பைத்தியம்னாலே அந்த ஊரு பேரைத்தான் சொல்லுவாங்க. அங்க இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரியில கொண்டுபோய் அடைச்சிருவாங்களோன்னு பயந்துட்டேன். பரீட்சைக்குப் போற மாதிரி கெளம்பினேன். நல்ல புடவை, தலைக்கு எண்ணெய், தேதி கிழமை எல்லாம் மனப்பாடம். பிரதமர் பேரு கேட்பாங்கன்னு அதையும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன். கேட்டதுக்கு ஒரு வார்த்தை, அதுக்கு மேல வாயைத் தொறக்கக் கூடாதுன்னு வழியெல்லாம் ஒரே தீர்மானம்.

டாக்டர் சின்னப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான். "உக்காருங்க ஆன்ட்டி"ன்னுச்சு. ஆன்ட்டியாம்! வேற நாளா இருந்தா நல்லாக் கேட்டிருப்பேன். கேட்கல. என்ன அடக்கம் பாருன்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். தேதி கேட்டுச்சு, சொன்னேன். மூணு சாமான் பேரைச் சொல்லிட்டுக் கொஞ்சம் கழிச்சுத் திருப்பிக் கேட்டுச்சு, மூணையும் சொன்னேன். பிரதமரைப் பத்தி மட்டும் கேட்கவே இல்ல, படிச்சதெல்லாம் வீண். "மனசு எப்படி இருக்கு?" நல்லாருக்கு. "செத்துறலாம்னு தோணுதா?" இல்ல. பாஸ்தான்னு நெனச்சேன்.

அந்தப் பொண்ணு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இவங்க எப்பவுமே இப்படி அமைதிதானா அங்கிள்?"னு கேட்டுச்சு. நான் மேசைக்குக் கீழ அவரு காலை ஒரு மிதி மிதிச்சேன்.

அவரு எஸ்டேட் லோரி ஓட்டுறவரு. கல்யாணமான நாள்லேர்ந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசினதில்ல. நான் எங்க இடம் கொடுத்தேன்? அன்னைக்குப் பேசினாரு.

"அமைதியா? இவளா? வளைவுல வேகமா எடுத்தா திட்டுவா டாக்டர். மெதுவா எடுத்தாலும் திட்டுவா. அவ வடிச்ச சோறு கொழைஞ்சா என்னைத் திட்டுவா. தீபாவளியிலேர்ந்து இந்த மூணு மாசமா ஒரு வார்த்தை இல்ல. வேணும்னே கால்ல போட்ட ஈரச் சப்பாத்தோட அடுப்படி வரைக்கும் நடந்து பார்த்தேன். பேசாம தொடைச்சா. வீட்டுல நான் மட்டும் தனியா இருக்கிற மாதிரி இருக்கு. என்னைத் திட்டச் சொல்லுங்க டாக்டர்." சொல்லிட்டு அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாயை அடக்கிட்டேன்னு வழியெல்லாம் பெருமைப்பட்டேனே, அடக்குறதுக்கு உள்ள ஒன்னுமே இல்லாம இருந்திருக்கு.

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு அந்தச் சாவுக் கேள்வியை மறுபடியும் கேட்டுச்சு. இந்தத் தடவை நெசத்தைச் சொன்னேன். "சாகணும்னு இல்லம்மா. இருக்கணும்னும் இல்ல. காலையில முழிக்காமப் போனா தேவலைன்னு இருக்கு." சொன்ன ஒடனே பயம் பிடிச்சுக்கிச்சு. "என்னை அனுப்பிருவீங்களா?"

"வீட்டுக்குத்தான் ஆன்ட்டி. மாத்திரை தரேன், அடுத்த வாரமும் வரணும். அங்கிள், இவங்களைத் தனியா விடாதீங்க."

மாத்திரை ஒடனே வேலை செய்யல. வாரம் வாரம் போனோம். அவரு எங்க போனாலும் என்னை லோரியில பக்கத்துல ஏத்திக்கிட்டாரு. அப்புறம் ஒருநாள் காலையில நல்ல மழை. நான் அப்பத்தான் தரையைத் தொடைச்சு நிமிர்றேன், மனுஷன் சேத்துச் சப்பாத்தோட உள்ள வராரு. இந்த வாட்டி நெசமாவே மறதி.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இது வீடா, மாட்டுக் கொட்டாயா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் தொறந்துச்சு. அவரு நின்ன எடத்துலயே நின்னாரு, கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. "இன்னொரு தரம் சொல்லு"ன்னாரு.

சொன்னேன். ஆசையா கேட்கிறாரேன்னு அவரு பரம்பரையையும் சேர்த்தே சொன்னேன்.