மாமன் சீராக வந்த காலிபிளவர்

அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் மகன் வந்து கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். என்னை எழுதவிட்டால் நல்ல வார்த்தையாக வராது என்று எனக்கே தெரியும். "பரவால்லீங்க அத்தை, என்ன வருதோ எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன். படித்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் தாராளமாக வருத்தப்படலாம். ஒரு வருடமாக நான் பட்டுக்கொண்டிருப்பதில் கொஞ்சம் நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது காரமடைக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அவருக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். அப்பா தவறியபோது அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். அதோடு படிப்பை விட்டுவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தார். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்ததும் அவர், கோவையில் கட்டிக்கொடுத்ததும் அவர். கிணறு வற்றிப்போன கோடையில் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து குடம் குடமாக ஊற்றிக் கறிவேப்பிலைச் செடிகளைப் பிழைக்க வைத்தார். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தல் போடும் முன்பே போய் நிற்பார். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், இந்த மலரின் மற்ற பக்கங்களிலும் எழுதியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது அண்ணன் வீட்டுப் பாத்தியைப் பற்றி.

அண்ணன் தோட்டத்தில் இரண்டு விதமான வெள்ளாமை உண்டு. கிணற்றை ஒட்டி ஒரு சின்னப் பாத்தி. கத்தரி, தக்காளி, கீரை, பத்துப் பதினைந்து காலிபிளவர், நாலு கறிவேப்பிலை மரம். அது வீட்டுக்கு. மீதி நிலம் முழுக்கக் காலிபிளவரும் கறிவேப்பிலையும். அது மண்டிக்கு. வீட்டுப் பாத்தியில் ஒரு சொட்டுப் பூச்சிமருந்து விழாது. மண்டிக்குப் போகிறதற்கு வாரத்துக்கு இரண்டு முறைகூட அடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த தோட்டங்களில் எல்லாம் இப்படித்தான். யாரும் இதை மறைக்கவும் இல்லை, தப்பு என்று நினைக்கவும் இல்லை.

சனிக்கிழமை தோறும் வீட்டுப் பாத்திக் காய் ஒரு பை, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடப்பட்டு எனக்கு வந்துசேரும். நான் அதைப் பற்றிக் குடியிருப்பு முழுக்கப் பெருமையடித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டாரும் எதிர்வீட்டாரும் எங்களுக்கும் வாங்கித் தாருங்கள் என்றார்கள். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, இங்க எல்லாரும் கேக்கறாங்க. மண்டிக்குப் போற காட்டுல இருக்கறதுல ஒரு மூட்டை சேத்தி ஏத்தியுடுங்களேன்."

"அது வேண்டாங் கண்ணு. அது திங்கறதுக்கு இல்ல. விக்கறதுக்கு."

நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். அப்படியானால் அதை யார் தின்கிறார்கள் என்று என் வாய் கேட்கவில்லை. எனக்கு வரும் பை சுத்தமாக இருந்தது, அது போதுமாக இருந்தது.

அண்ணனைக் குறை சொல்ல யாரும் கிளம்ப வேண்டாம். காலிபிளவர் பால்போல வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்டது யார்? கறிவேப்பிலைக் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓர் இலையில் புள்ளி இருந்தால் குவியலின் அடியில் செருகிவிட்டு வேறு எடுக்கிறவர்கள் யார்? அந்த இலையை நாம் தின்பதுகூட இல்லை. ரசத்தில் மிதந்தால் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். ஒதுக்கிப்போடும் இலைகூட ஓட்டை இல்லாமல் வேண்டும் நமக்கு. அதற்காக ஒரு மனிதர் முதுகில் மருந்து டேங்க்கைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, அந்தப் புகைமூட்டத்துக்குள் வருடக்கணக்கில் நடந்தார். தோட்டத்து வாய்க்காலில் தவளைச் சத்தம் நின்று எத்தனையோ காலமாகிறது. அதையும் நாம் யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்தது. நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். கோவையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

"மருந்தடிக்கறப்ப மூஞ்சிக்கு என்ன கட்டுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"துண்டுதானுங்க."

"எத்தனை வருசமா?"

"கண்ணாலத்துக்கு முன்னாடி இருந்துங்க."

இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கும் அதைச் சொல்லும் படிப்பு இல்லை. ஆனால் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். திரும்பும் வழியில் அண்ணன் காருக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "நம்மூட்டுச் சோத்துல மருந்து பட்டுறக் கூடாதுன்னு பாத்துக்கிட்டேன். மூச்சுல படும்னு தோணவே இல்ல பாரு கண்ணு."

அதோடு மருந்தடிப்பதை நிறுத்திவிட்டார். ஆள் வைத்து அடிக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். "அவனுக்கு மட்டும் மூக்கு இல்லீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்தார். மொத்த நிலத்தையும் வீட்டுப் பாத்தி போலவே செய்தார். வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளித்து, அண்ணியும் அவரும் குனிந்து குனிந்து புழுப் பொறுக்கினார்கள். காய் வந்தது. கொஞ்சம் சிறியதாக, கொஞ்சம் மஞ்சளாக, இலையெல்லாம் ஓட்டையாக, உள்ளே அங்கங்கே ஒரு பச்சைப் புழுவோடு. மண்டியில் ஒரு வியாபாரி ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதை மாட்டுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அவரை நான் திட்டப்போவதில்லை. அவர் உங்களுக்கும் எனக்கும் வேண்டியதை விற்கிறவர்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கல்யாணம் வந்தது. உங்களில் பாதிப்பேர் அந்த மண்டபத்தில் இருந்தீர்கள். மேளம் முழங்க மாமன் சீர் வந்ததைப் பார்த்தீர்கள். பட்டு, பூ, தேங்காய், பழத் தட்டுகள். அவற்றுக்குப் பின்னால் நாலு கூடை காலிபிளவர். மூச்சு வாங்க அண்ணன் என் முன்னால் வந்து நின்றார்.

"பந்திக்கு இது ஆகட்டும் கண்ணு. நாம கூப்பிட்டு வர்றவங்க நல்லதத் தின்னுட்டுப் போகட்டும்."

சமையல்காரர் ஒன்றை வெட்டி என்னிடம் காட்டினார். புழு நெளிந்தது. "உப்புத் தண்ணில போட்டா வந்துருமுங்க அம்மணி. ஆனா ஒன்னு தப்பி இலையில உழுந்துச்சுன்னா பேரு உங்களுக்குத்தான்" என்றார். நான் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தேன். பிறகு மார்க்கெட்டுக்குச் சொல்லி வேறு வரவழைக்கச் சொல்லிவிட்டேன். மாமன் சீரில் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டேன், பூவை எடுத்துக்கொண்டேன், பழத்தை எடுத்துக்கொண்டேன். அவர் குனிந்து விளைய வைத்ததை மட்டும் பாத்திரம் கழுவும் இடத்தில் இறக்கி வைத்தேன்.

சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னுங்க மச்சான், சைவப் பந்தியில கறி போடப் பாத்தீங்களாமா?" என்றார். பந்தியே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அவர் இலையில் மார்க்கெட் காலிபிளவர் வறுவலை வைத்தார்கள், வெள்ளை வெளேரென்று. ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றார். விற்பதற்கு என்று அவர் சொன்னதை, தின்பதற்கு இல்லை என்று அவர் சொன்னதை, என் வீட்டு விசேஷத்தில் அவருக்கே போட்டேன்.

அடுத்த வெள்ளாமைக்கு அண்ணன் மறுபடியும் மருந்து டேங்க்கைத் தூக்கினார். அண்ணி கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். "சொந்தத் தங்கச்சியே வாங்கல. வேற ஆரு வாங்குவாங்க?" என்றாராம். இதை அண்ணி என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. அவர் உயிரோடு இருந்தவரை என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சனிக்கிழமைப் பையும் நின்றதில்லை.

பிறகு நடந்ததை நீட்டி எழுத மனமில்லை. ஒன்றரை வருடம் வீடும் ஆஸ்பத்திரியுமாகப் போனது. கடைசி மாதம் மூக்கில் குழாயோடுதான் படுத்திருந்தார். மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அழைத்த நேரமெல்லாம் கார் எடுத்து வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், கடைசிக் காரியத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மனதாரச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு வாசலில் நின்று, "நல்ல மனுசனுக்கு ஏன்தான் இப்படி ஒரு சீக்கு வந்துச்சோ" என்று கேட்டவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் காய்கறிப் பையைத் திறந்து பார்த்திருந்தால் பாதிப் பதில் அதிலேயே இருந்திருக்கும். மீதிப் பாதி என் பையில் இருந்தது.

போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணியும் மகனும் மருந்தில்லாமல் காலிபிளவர் வைத்திருக்கிறார்கள். இருவரும் வரிசையில் குனிந்து புழு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அவரு போனப்ப எல்லாரும் அழுதீங்க அம்மணி. நான் தப்புச் சொல்லல. இந்தக் காய் வந்தா வாங்குவீங்களா, மாட்டீங்களா? இப்பவே சொல்லிப்போடுங்க. வாங்கறதில்லைன்னா நாளைக்கே மருந்தடிச்சு மண்டிக்கு ஏத்தோணும். பையன்தான் அடிக்கோணும்."

நான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஒருத்தி வாங்கினால் ஒரு வரிசைகூடத் தீராது. பையனுக்கு இப்போது இருபத்தாறு வயது. இன்றைக்கு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் அண்ணன் படத்துக்கு மாலை போடுவது அப்புறம் இருக்கட்டும். அண்ணி சமையல் கட்டுப் பக்கம் இருப்பார். முதலில் அவரிடம் போய் வாங்குவீர்களா மாட்டீர்களா என்று சொல்லிவிட்டு வாருங்கள்.