அண்ணன் போட்ட கையெழுத்து

கிட்ட வந்து உக்காருங்க. தொட்டில்ல பிள்ளைக இப்பத்தான் கண்ணசருது, சத்தமாப் பேச முடியாது. பாளையங்கோட்டையில தத்துக் குடுக்கிற இல்லம் ஒண்ணுல நான் ஆயா. பிள்ளைகளைப் பாத்துக்கிடுதது லேசு. பிள்ளை கேட்டு வாற பெரியவுகளைச் சமாளிக்கிறதுதான் வேலை. இந்த மாதிரி இடத்துல குப்பை கொட்டுனவுகளுக்கு நான் சொல்லுதது புரியும்.

ஏழு வீடு ஏறுன அண்ணாச்சி

வள்ளியூர்ல கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சி பெண்சாதியோட நேரா உள்ள வந்துட்டாரு. தொட்டில் தொட்டிலா எட்டிப் பாத்து, ஓரத்துல கிடந்த செவத்த பிள்ளையைக் காட்டி, இதைக் குடுங்கன்னாரு. இல்லத்தை நடத்துத எங்க மேடம் பொறுமையாச் சொன்னாவ: புருசனும் பெண்டாட்டியும் சம்மதிச்சு கம்ப்யூட்டர்ல பதியணும், நாங்க வீட்டுக்கு வந்து விசாரிப்போம், அப்புறம் காத்திருக்கணும், முறை வரும்போது எந்தப் பிள்ளைன்னு அதுவே காட்டும், நாமளாப் பொறுக்க முடியாது. அண்ணாச்சிக்கு ஆறல. பொண்ணு பாக்கவே ஏழு வீடு ஏறி எறங்குனவன் நான்னு குதிச்சாரு. பக்கத்துல நின்ன பெண்சாதி பைய சொன்னாவ: "ஏழு வீட்டுலயும் இவுகளைத்தான் வேண்டாம்னாவ, மேடம்."

பேனா கேட்டவர்

ஸ்டெல்லா டீச்சர் கல்யாணம் கட்டிக்கிடல. ஒரு பிள்ளையை வளக்கணும்னு தவமாக் கிடந்தாவ. விசாரிக்கப் போன மேடத்துக்குத் துணையா நானும் போனேன். அங்கன அவுக அண்ணன் முந்திக்கிட்டு உக்காந்திருக்காரு. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எப்படிப் பிள்ளை குடுப்பீங்கன்னு கேக்காரு. தனியா இருக்க பொம்பளைக்கு ஆணும் குடுக்கலாம், பொண்ணும் குடுக்கலாம். தனி ஆம்பளைக்குத்தான் பொண்ணு கிடையாதுன்னு மேடம் சொன்னதும் மூஞ்சி சுருங்கிப்போச்சு.

ஆனா ஒரு முடிச்சு இருந்துச்சு. டீச்சருக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்னு சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அண்ணன் மாட்டேன்னுட்டாரு. தங்கச்சிக்குப் பிறகு அந்த வீடு தன் மவனுக்குன்னு அவருக்கு ஒரு நெனப்பு.

டீச்சர் கெஞ்சல. காப்பியை ஆத்திக்கிட்டே, கொற்கையில இருக்க சித்தி மவன்கிட்ட கேக்கேன், எனக்குப் பிறகு அவன் இந்த வீட்டுல இருந்தே பிள்ளையை வளக்கட்டும்னாவ. அண்ணனுக்கும் அந்தச் சித்தி மவனுக்கும் பல வருசமாப் பேச்சு கிடையாது. மனுசன் மேடத்துட்ட பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாரு. வாசல் வரைக்கும் வந்த டீச்சர் என் காதுல சொன்னாவ: "அந்தச் சித்தி மவனும் மாட்டேன்னுதான் சொல்லியிருக்கான், ஆயா."

ஜோசியர் ஊர்ல இல்ல

எங்ககிட்ட கன்னத்துல பெரிய மச்சத்தோட ஒரு கைப்பிள்ளை இருந்தா. மலருன்னு கூப்பிடுவோம். அவ படமும் டாக்டர் சீட்டும் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு தம்பதிக்குப் போச்சு. வேணுமா வேண்டாமான்னு ரெண்டு நாளைக்குள்ள சொல்லணும். அந்த வீட்டுக்காரர் பிறந்த நேரம் கேட்டாரு. யாரோ விட்டுட்டுப் போன பிள்ளைக்கு நேரத்தை யாருகிட்ட போய்க் கேக்க? சரி, மச்சத்தை வச்சாவது பலன் கேப்போம்னு ஜோசியரைத் தேடுனா, அவரு மவ வீட்டுக்குப் போயிருக்காரு. மூணாவது நாள் போன் வருது: மச்சம் யோகமாம், பிள்ளையை எடுத்து வைக்கணுமாம். கெடு முடிஞ்சு மலரு அடுத்தவுகளுக்குப் போயாச்சுன்னாவ மேடம். அதுக்கு அவரு, "நாங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலியே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

காவலுக்கு ஆள்

அந்த அடுத்தவுக ஸ்டெல்லா டீச்சர்தான். படம் வந்த அன்னைக்கே சம்மதம் சொல்லி, இங்கன வந்து, மச்சம் இருந்த கன்னத்தோட கன்னத்தை வச்சுக்கிட்டாவ. பிள்ளை அவுக வீட்டுக்குப் போனா. பிறகு சட்டப்படி அவ டீச்சர் பிள்ளைதான்னு கலெக்டர் உத்தரவும் வந்துச்சு.

பிள்ளை எப்படி இருக்கான்னு பாக்க நாங்க போனப்போ அண்ணன் திரும்பவும் ஆஜர். வீட்டுல இதுக்கும் பங்கு உண்டோன்னு மேடத்துட்ட கேட்டாரு. பெத்த பிள்ளைக்கு உள்ளது அத்தனையும் இதுக்கு உண்டுன்னாவ மேடம். அப்பம் நான் போட்ட கையெழுத்து எதுக்குன்னு கத்துனாரு. டீச்சர் சிரிக்கல. "அது அப்படியே இருக்கட்டும்ணே. எனக்குப் பிறகு பிள்ளைக்கும் அவ வீட்டுக்கும் நீங்கதான் காவல்."

பிள்ளையை வளக்கப்போறவுகளுக்கு ஆயிரம் விசாரணை வச்சிருக்கோம், மாமன்மாருக்கு ஒண்ணுமே வைக்கல. அந்தக் குறையைத் தீக்கத்தான் டீச்சர் அன்னைக்கு இடுப்புல செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து, அண்ணன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே மலர் கையில சப்பக் குடுத்தாவ.