பன்னிரண்டு முளைகளோடு மணப்பாட்டுக்கு

காலை 5.50. புதுக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்கள் அரண்மனை இருக்கும் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுடையது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், பதின்மூன்று கிலோமீட்டரில் இருப்பது. அரண்மனை கிடையாது, பஸ் உண்டு. அங்கே பெயின்ட், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக நான் மணப்பாட்டுக்குக் கிளம்பியதற்குக் கடலும் காரணமல்ல, கோயிலும் காரணமல்ல. சந்தேகம்தான் காரணம்.

என் மகள் பவித்ரா தூத்துக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்னையிலிருந்து ஓர் அமைப்பு வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்துவிட்டுப் போனதிலிருந்து அவளும் அவள் தோழிகளும் ‘நிலைத்த வளர்ச்சிக்கான உலகக் குடிமக்கள்’ ஆகிவிட்டார்கள். சட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ரேஷன் கார்டில் இவள் பெயரைச் சேர்க்க மூன்று தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்தவன் நான். உலகம் இவ்வளவு லேசில் சேர்த்துக்கொள்ளுமா? சட்டை இலவசம், தொப்பி இலவசம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்று கேட்பார்கள். கடைக்காரன் பார்ப்பான்.

மற்ற பிள்ளைகள் ஒன்பது பேரும் முந்தின நாளே போய், மணப்பாட்டுக்காரியான மெர்சி என்ற தோழியின் வீட்டில் தங்கிவிட்டார்கள். என் மகளை நான் விடவில்லை. காலையில் நானே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடற்கரையில் கயிறு கட்டிச் சதுரம் போட முளை வேண்டும் என்றாள். கடையிலிருந்தே பன்னிரண்டு இரும்பு முளை எடுத்து, மணலில் யாரும் தடுக்கி விழக்கூடாதென்று தலையில் சிவப்புப் பெயின்ட்டும் அடித்துச் சாக்கில் கட்டிக்கொண்டேன். தூத்துக்குடிக்கு ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்.

காலை 6.35. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். முப்பத்திரண்டு ரூபாய். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டே பஸ் அரை மணி நேரத்தைத் தின்றது. வலது பக்கம் உப்பளம், வெள்ளை வெள்ளையாக அம்பாரம். பவித்ரா காதில் வயரை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்துவிட்டாள்.

காலை 8.10. திருச்செந்தூரில் மணப்பாடு பஸ் மாறினோம். பதினெட்டு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். பவித்ராவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. எனக்குப் பின்னால்தான் கிடைத்தது; பக்கத்து இருக்கையில் காலி அலுமினியச் சட்டியோடு ஒரு அம்மா. ஓட்டலுக்கு மீன் போட்டுவிட்டுத் திரும்புகிறவர். என் காலடியில் கிடந்த சாக்கிலிருந்து சிவப்புத் தலைகள் எட்டிப் பார்த்தன.

“இது என்னா அண்ணாச்சி?”

“முளைம்மா. எம் மவளும் கூடப் படிக்க பிள்ளையளும் கடக்கரைய அளக்கப் போறாளுவ.”

“எங்க கடக்கரையவா? எதுக்கு?”

“குப்பைய எண்ணணுமாம். குப்பைய எண்ணுததுக்கு எவனாவது மெட்ராஸ்ல இருந்து சட்டையும் தொப்பியும் அனுப்புவானா? எடத்தப் பாத்து வச்சிக்கிட்டு, பின்னால எதையாவது கட்டுததுக்காத்தான் இருக்கும்.”

பேச்சுத் துணைக்குச் சொன்னதுதான். கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தையும் கிரிக்கெட்டையும் பற்றி நான் சொல்லாததா? அந்த அம்மா சாக்கை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பஸ் நின்றதும் முதலில் இறங்கி, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

காலை 8.55. மணப்பாட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மணல் மேடு, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். ஒரு பக்கம் கடல் அடிக்கிறது, இன்னொரு பக்கம் காயல் என்கிற உப்பங்கழி சத்தமில்லாமல் கிடக்கிறது. கீழே வரிசையாக பைபர் வள்ளங்கள். காற்று வேட்டியை விடமாட்டேன் என்கிறது. அழகான ஊர், சந்தேகமே இல்லை. ஆனால் மணலில் கால் வைத்தால் பாலிதீன், தெர்மாக்கோல், அறுந்த வலை, மாத்திரை அட்டை.

மெர்சி ஒல்லியான, சுறுசுறுப்பான பெண். அவள் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். “எண்ணி எழுதி, ஊர்க் கமிட்டி கையெழுத்தோட மனு குடுத்தா குப்பை வண்டி இங்கன வரை வரும் அங்கிள். கமிட்டிகிட்ட நான்தான் கேட்டு அனுமதி வாங்கினேன்” என்றாள். வாங்க ஒரு மாதம் ஆயிற்றாம். பிள்ளைகள் முளை அடித்து, கயிறு கட்டி, மூன்று சதுரம் போட்டார்கள். ஒருத்தி பொறுக்க, ஒருத்தி எண்ண, ஒருத்தி எழுத. செருப்பு மட்டும் பதினேழு, ஒன்றுக்கும் ஜோடி இல்லை. வேலையில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

காலை 10.20. கோயில் பக்கமிருந்து இருபது பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் சூசை, கமிட்டிக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் குனிந்து ஒரு முளையைப் பிடுங்கினார்.

“ஏளா மெர்சி, குப்பை எண்ணுதோம்னுல்லா சொன்ன? குப்பைக்கு எதுக்குட்டி முளை?”

“சதுரம் போடுததுக்கு மாமா...”

“கம்பெனி வருதாம்லா. கூட வந்த பிள்ளையோட அப்பனே சொல்லிருக்கான், எடம் பாத்தாச்சின்னு.”

 ‘இருக்கும்’ என்று நான் சொன்னது ஒன்றரை மணி நேரத்தில் ‘ஆச்சு’ என்று வளர்ந்து வந்து நின்றது. கடலோரத்து ஜனங்களுக்கு முளை விளையாட்டுச் சாமான் அல்ல. முளைக்குப் பின்னால் வேலி வரும், வேலிக்குப் பின்னால் காவல்காரன் வருவான், வள்ளம் இழுக்க இடமிருக்காது. இது எனக்குத் தெரியாததும் அல்ல. தெரிந்துதான் சிவப்புப் பெயின்ட் அடித்த முளையைக் காலடியில் வைத்துக்கொண்டு அப்படிப் பேசியிருக்கிறேன்.

பவித்ரா போனைத் திறந்து, குப்பைக் கணக்கை ஏற்றும் படிவத்தைக் காட்டினாள். சூசை வாங்கிப் பார்க்கவில்லை. “யாரு சொன்னாங்க? எங்க அப்பாவா? அவங்க அப்படிச் சொல்லமாட்டாங்க” என்றாள் பவித்ரா. கூட்டத்தின் பின்னால் அந்தச் சட்டிக்கார அம்மா நின்றார். என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. நான் காயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியே பஸ் ஏறிவிடலாமா என்று தோன்றியது.

“உங்க அப்பன வரச் சொல்லு. அவன் வள்ளத்த இங்கன எறக்குததா வேண்டாமான்னு கமிட்டில பேசிக்கிடுதோம்” என்றார் சூசை, மெர்சியிடம். மெர்சி அழுதுவிட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “அண்ணாச்சி, சொன்னது நான்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா, வாய்க்கு வந்ததச் சொன்னேன்.”

சூசை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாதத எதுக்குவே சொன்னீரு?”

 சட்டிக்கார அம்மா முன்னால் வந்தார். “அவரு ‘இருக்கும்’னுதான் சொன்னாரு. வீடு வீடா ‘வருது’ன்னு சொன்னது நாந்தான்” என்றார். அவர் பெயர் ரீத்தம்மாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

 பிறகு சூசை தீர்ப்புச் சொன்னார். மெர்சி அப்பாவின் வள்ளப் பேச்சு இப்போதைக்கு இல்லை. எண்ணலாம், ஆனால் இந்த மணலில் முளை இறங்கக்கூடாது. போனில் ஏற்றக்கூடாது, பேப்பரில் எழுதி ஒரு பிரதி கமிட்டிக்குத் தர வேண்டும். இதற்கெல்லாம் யார் செலவு செய்கிறார்கள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுத்தில் வரவேண்டும். வராவிட்டால் மெர்சி வீடு பதில் சொல்ல வேண்டும்.

முளை இல்லாமல் கயிறு எப்படி நிற்கும்? ஆள் நின்றார்கள். ஒரு மூலையில் சூசை, ஒரு மூலையில் அவரோடு வந்த ஒருவர், ஒரு மூலையில் ரீத்தம்மாள், நாலாவது மூலையில் நான். ஒரு சதுரம் முடிந்ததும் நகர்ந்து அடுத்ததில் நின்றோம். பன்னிரண்டரை வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.  குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள்.

மதியம் 2.15. திருச்செந்தூர் பஸ். மெர்சி வழியனுப்ப வந்தாள். பவித்ராவிடம் தணிந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் என் காதில் விழுந்தது. “நீ வா. அப்பாவக் கூட்டிட்டு வராத.”

எங்கள் ஊரில் கடைக்கு வரும் ஐநூறு ரூபாய் நோட்டை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கொடுத்தவர் முன்னாலேயே பார்ப்பேன். அவர் போன பிறகு தெருவில் நின்று ‘கள்ள நோட்டாக இருக்கும்’ என்று சொன்னதில்லை. அந்த யோக்கியம் கூட எனக்கு அன்று பஸ்ஸில் இல்லாமல் போயிற்று.

திருச்செந்தூரில் பஸ் மாறி, ஆறுமுகநேரி தாண்டியதும் நானேதான் கேட்டேன். “சரி, இப்பக் கேக்கேன். அந்த அமைப்புக்கு யாரும்மா காசு குடுக்கா?”

“தெரியாதுப்பா. நான் கேக்கவே இல்ல. நீங்க கேட்டது சரியான கேள்விதான்.” ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். “போன மாசமே ஏங்கிட்ட கேட்டிருந்தா நானும் அவங்ககிட்ட கேட்டிருப்பேன். இப்ப அவங்க பதில் சொல்லலன்னா, மெர்சி வீட்டுக்கு நான் என்னத்தப்பா சொல்லுவேன்?”