மஞ்சள் தடவிய காயிதம்

குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்ட ஆபீஸில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. காவல்காரர் மாடசாமியை நீக்கும் கடிதத்தில் ‘டெர்மினேட்’ என்றொரு சொல்லைத் துரை சொன்னார். எனக்குப் புதிது. அகராதியில் பார்த்தேன், அடியோடு முடித்துவிடுவது என்று போட்டிருந்தது. ‘ஸ்டாப்’பைவிட எவ்வளவு கம்பீரம் என்று ரசித்துக்கொண்டே அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஆடிச் சாரலில் நனைந்தபடி இலஞ்சியிலிருந்து மாடசாமி வந்தார். தபாலில் போன அதே கடிதம் கையில். நான்கு மூலையிலும் மஞ்சள்.

“எம் பேருக்கு வந்த மொதக் காயிதம் அண்ணாச்சி. நல்ல சேதியா இருக்கட்டும்னு வீட்டுல மஞ்ச தடவுனா. என்ன எழுதியிருக்காவ?”

மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

“கொஞ்ச நாள் வீட்டுல இருக்கச் சொல்லுதாவ. பொறவு கூப்பிடுவாவ.”

நம்பிப் போனார்.

ஐப்பசியில் அவர் மனைவி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“தென்னந்தோப்புக் காவலுக்கு ரெண்டு எடத்துல கூப்பிட்டாவ. தொர கூப்பிடுவாருன்னு இவுக போவல. இப்ப அங்கயும் வேற ஆள் போட்டாச்சு. தொர எப்பதான் கூப்பிடுவாரு?”

அப்போதுதான் அர்த்தத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி,” என்றாள்.

பிறகும் அந்தச் சொல்லை எத்தனையோ கடிதங்களில் அடித்திருக்கிறேன், ரசித்ததில்லை. துரை முடித்தது ஒரு வேலையை. மற்ற இரண்டையும் முடித்தவன் நான்.