படப்பைக்கு ஒரு ரெக்கி

நான் வழி தவறிப் படப்பை வரை போய்விட்டதாக உறவினர்களிடையே பேச்சு. தவறு. வழி எனக்கு நன்றாகவே தெரியும். என் மகன் பீட்டர் எனக்கென்று அங்கே ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறான். ஞாயிறுக்குள் சம்மதம் கேட்கிறான். சொல்வதற்கு முன் நானே பார்த்துவரக் கடந்த புதன்கிழமை கிளம்பினேன். ராணுவத்தில் இதற்கு ரெக்கி என்று பெயர்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். முடிச்சூர் தாண்டும்போது ஓட்டுநர், "இன்னா விசேஷம்மா?" என்றார். ரெக்கி என்றேன்.

"ஐயே, அது திருடனுங்க பண்றதும்மா! வூட்ல யாரு கீறாங்கன்னு நோட்டம் வுட்டுகினு இருப்பானுங்களே!"

"அவங்க அப்புறமா எடுத்துக்கிட்டாங்கப்பா. மொதல்ல அது பட்டாளத்து வார்த்தை."

"அப்ப நீங்க பட்டாளமா? சொல்லவே இல்ல! சல்யூட்டும்மா!"

பட்டாளம் என் கணவர். படை ஆற்றைக் கடக்குமுன் ஆழமும் மண்ணும் பார்த்துவருவது அவர் வேலை. நான் கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள். மூலச்சொல் ரெகொனெசான்ஸ், ஆங்கிலேயச் சிப்பாய்கள் வாய்க்கு வசதியாகச் சுருக்கிவிட்டார்கள். 'வேவு' என்று தமிழில் எழுதுவது போதாது. வேர்ப்பொருளில் ஒளிவு கிடையாது. மறுபடி அறிவது, அடையாளம் காண்பது, அவ்வளவுதான்.

இல்லம் சுத்தமாக இருந்தது. குளியலறையில் கைப்பிடி உண்டு. வராந்தாவில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் என்னோடு சண்டை போட்டவள்.

"ஸ்டெல்லா, நான் மார்கரெட்."

"மார்கரெட் இங்கெல்லாம் வர மாட்டா, சிஸ்டர். அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பணிப்பெண்தான் விரல்களைப் பிரித்தார். "நாள் பூரா கேட்டாண்டையே குந்திகினு இருப்பாங்கம்மா. எல்லாருக்கும் சேத்து கேட்டைப் பூட்டிடுவோம். வழி தெரியாம போய்ட்டாங்கன்னா எங்க போய்த் தேடுறது?"

வழி தவறினேன் என்ற உறவினர்களின் பேச்சு எதற்கு உதவும் என்று இப்போது எனக்கு உறைக்கிறது.

இப்படி ஓர் இடம் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் மதிய உணவு வேளையில் போங்கள். அறையைவிட வாசற்கதவைக் கவனியுங்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது. பெரிய சாலைவரை நடந்தால் பேருந்து உண்டு. நிழல் இல்லை.

பீட்டர், இதை நீ படிப்பாய் என்று தெரியும். நான் தனியாக வெளியே போய்வரக் கதவைத் திறந்துவிடுவார்களா என்று அவர்களிடம் கேள். என்ன சொன்னார்கள் என்பதை எழுத்தில் அனுப்பு. போனில் வேண்டாம்.